மலையூர் மருந்தகத்தின் சாவி யாரிடம் இருந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். இரண்டு முறை நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தின் தலையில் சிறியதாக ஒரு சிலுவை போட்டு, நாலு வரி எழுதி, மூடி வைத்துவிட்டேன். காரணம் வேறொன்றுமில்லை. இதில் நான் பெருமைப்படுகிற காரியமும் இருக்கிறது, நான் செய்த தவறும் இருக்கிறது. ஒன்றை விட்டு இன்னொன்றை எழுத முடியவில்லை.

போன மாதம் ஒரு சான்றுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். நான் உட்கார்ந்திருந்த பிரிவில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். கெட்டிக்காரப் பெண். "சட்டமன்றக் கேள்வியெல்லாம் இப்ப எப்படிம்மா வருது?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல வருதுங்க ஐயா. ஒரு மணி நேரத்துல பதில் கேக்கறாங்க. போன வருஷப் பதில எடுத்து தேதிய மாத்திப் போட்டுடுவோம். வேற என்னங்க பண்றது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் சொன்னது, சுமார் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்தது. அதனால்தான் மூன்றாவது நோட்டு வாங்கினேன்.

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. விவசாயக் குடும்பம். என் தகப்பனாருக்குக் கேழ்வரகும் நிலக்கடலையும் தெரியும், ஜெபமாலை தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தேறி, சேலத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். தபால் பதிவு, பழைய கோப்பு அடுக்குவது, நகல் எடுப்பது என்று சில வருஷம் போனது. சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்து தனி மாவட்டமானதும், "சொந்த ஊர்க்காரன்" என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். கோப்புகள் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பெரியவர்கள் பலருக்கு இங்கிலீஷில் ஓடுகிற பேனா தமிழில் நின்று நின்று போகும். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, தமிழ் வரும். ஆண்டவர் என் குறையையே எனக்கு வேலையாக்கிக் கொடுத்தார். சட்டமன்றக் கேள்விகளுக்கு வரைவு விடை எழுதும் இருக்கையில் என்னை உட்கார வைத்தார்கள்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சட்டசபையில் ஒரு உறுப்பினர் மந்திரியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் அல்லவா? மந்திரி எழுந்து உடனே பதில் சொல்கிறார். பார்ப்பவர்களுக்கு அது அந்த நிமிஷத்தில் நடப்பது போலத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை உறுப்பினர் பல நாள் முன்னாலேயே எழுத்தில் கொடுத்திருப்பார். அது மெட்ராஸ் கோட்டையிலிருந்து, அதாவது தலைமைச் செயலகத்திலிருந்து, மாவட்டத்துக்கு வரும். சிவப்புத் துண்டுச் சீட்டுக் குத்திய கோப்பு. அது வந்தால் மற்றதெல்லாம் நகர வேண்டும். சில கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்தால் போதும். நட்சத்திரம் போட்ட கேள்வி என்றால் மந்திரி வாயால் பதில் சொல்ல வேண்டும். சொன்னதோடு முடியாது. அந்த உறுப்பினரும் மற்றவர்களும் துணைக் கேள்வி கேட்பார்கள். அது என்ன கேள்வி என்று யாருக்கும் முன்னால் தெரியாது. ஆகவே விடை ஒரு வரி என்றால், துணைக் கேள்விக்கான குறிப்பு பத்துப் பக்கம் போகும். அந்தப் பத்துப் பக்கம்தான் என் வேலை.

எங்கள் சிரஸ்தார் ஆபீசில் கலெக்டருக்கு அடுத்தபடி எல்லாக் கோப்பையும் பார்க்கிறவர். ஒல்லியான மனிதர். சத்தமாகப் பேச மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் பிரிவே தலையைக் குனிந்துகொள்ளும். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேறு எந்த மாவட்டத்திலும் அது இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். "இப்ப நான் மெம்பர். நீ மந்திரி. எந்திரிச்சு நில்லு" என்பார். வரைவு எழுதியவன் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டவாலி போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற தபேதார் முனுசாமிதான் சபாநாயகர். அவர் மர ரூலை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் கேள்வி நேரம் ஆரம்பம்.

நான் முதன்முதலில் நின்றது நல்லம்பள்ளிப் பக்கத்து ஓடை ஒன்றுக்குப் பாலம் கேட்ட கேள்விக்கு. "பரிசீலனையில் உள்ளது" என்று பெருமையாகப் படித்தேன். அது பெரிய இடத்து வார்த்தை என்று நினைப்பு.

சிரஸ்தார் கேட்டார்: "பரிசீலனைன்னா எங்க இருக்குது அது? எந்த மேசையில?"

"மேல... மேலிடத்துலீங்க ஐயா."

"மேலிடம்னா மச்சுலயா? ஓட்டுக்கு மேலயா?"

டைப்பிஸ்ட் கோவிந்தராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "மந்திரிக்கு வேர்க்குதுங்க, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றான். சபாநாயகர் முனுசாமி ரூலைத் தட்டி, "அமைதி, அமைதி. டைப்பு அடிக்கிற மெம்பரு உக்காருங்க" என்றார்.

சிரஸ்தார் சிரிக்கவில்லை. "கோப்பு எந்த ஆபீசுல, யார் மேசையில, என்னிக்கிலிருந்து இருக்குதுன்னு கேட்டு எழுது. மந்திரி அங்க தனியா நிப்பாரு. பக்கத்துல நீ இருக்க மாட்ட. உன் காகிதம்தான் இருக்கும்" என்றார்.

அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. தருமபுரியில் ஒரு மூலையில் உட்கார்ந்து நான் எழுதுவதை ஒரு மந்திரி அத்தனை பேர் முன்னால் தன் வாயால் சொல்லப் போகிறார். அவர் சொன்னது பொய்யானால், பொய் சொன்னது அவர் இல்லை, நான். அன்று முதல் ஒவ்வொரு வரைவு எழுதும் முன்பும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். கோவிந்தராஜ் கேலி செய்வான். "சவரி, மந்திரிக்கு மந்திரிச்சுக் குடுக்கறியா?" என்பான். அவன் மாரியம்மன் பக்தன். என்னைக் கேலி செய்துவிட்டுத் தான் மட்டும் மெஷினில் திருநீறு வைத்துக்கொள்வான்.

இப்படி இரண்டு வருஷம் போனது. பாலக்கோட்டுச் சாலை, ஏரி மதகு, பள்ளிக்கூடத்துக் கூரை என்று எத்தனையோ கேள்விகள் வந்தன. ஒன்றிலும் பிழை வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எழுபதுகளின் தொடக்கம். ஒரு திங்கட்கிழமை சிவப்புச் சீட்டுக் கோப்பு ஒன்று வந்தது.

அரூருக்கு அப்பால், சித்தேரி இருக்கிற மலைத்தொடரில் ஒரு கிராமம். அதன் பேரை எழுத மாட்டேன். மலையூர் என்று சொல்லிக்கொள்கிறேன். அங்கே அரசாங்கம் சின்ன மருந்தகம் ஒன்று கட்டித் திறந்திருந்தது. கீழேயிருந்து டாக்டர் வாரம் இரண்டு நாள் மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. கேள்வி இதுதான். (அ) மலையூர் மருந்தகம் செயல்படுகிறதா? (ஆ) ஆம் எனில், மருத்துவர் வாரத்திற்கு எத்தனை நாள் வருகிறார்? (இ) இல்லை எனில், காரணம் என்ன? நட்சத்திரக் கேள்வி. கேட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர்.

எனக்கு அது சுலபமான கேள்வியாகப் பட்டது. ஏனென்றால் போன வருஷமும் இதே மருந்தகத்தைப் பற்றி எழுத்தில் பதில் கேட்டு ஒரு கேள்வி வந்திருந்தது. சம்பந்தப்பட்ட ஆபீசிலிருந்து வந்த அறிக்கையைப் பார்த்து, "மருந்தகம் செவ்வனே செயல்பட்டு வருகிறது. மருத்துவர் வாரம் இருமுறை செல்கிறார்" என்று நான்தான் விடை எழுதினேன். அது அச்சாகிப் புத்தகத்திலும் வந்துவிட்டது. பழைய கோப்பை எடுத்தேன். அதே ஆபீசுக்குக் கேட்டு எழுதினேன். அதே அறிக்கை, தேதி மட்டும் மாறி, மறுநாள் காலையே வந்தது. நானும் அதே வரியை எழுதினேன். தேதியை மட்டும் மாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மந்திரியாக நின்றேன். சிரஸ்தார் நாலு கேள்வி கேட்டார். டாக்டர் எந்தெந்தக் கிழமை போகிறார்? புதன், சனி. மருந்து இருப்பு? இருக்கிறது. கம்பவுண்டர் யார்? இன்னார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். முனுசாமி ரூலைத் தட்டி முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் தட்டவில்லை. ரூலைக் கையில் வைத்துக்கொண்டே, "சபாநாயகரு ஒரு கேள்வி கேக்கலாமுங்களா?" என்றார்.

"சட்டத்துல இடமில்ல. சரி, கேளு" என்றார் சிரஸ்தார்.

"அந்த ஆசுபத்திரி சாவி யாருகிட்ட இருக்குதுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பைப் புரட்டினேன். இல்லை. "கம்பவுண்டரிடம் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்னு மந்திரி சொல்லப்படாதுங்க சார்" என்றார் முனுசாமி. பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்கக்காவ அந்த மலையடிவாரத்துலதாங்க குடுத்திருக்குது. அங்க பேசிக்கிறாங்க, அதாங்க கேட்டேன்" என்றார்.

சிரஸ்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

போன் போட்டேன். ஒரு ஆபீசில், சாவி கம்பவுண்டரிடம் என்றார்கள். அரூரில் ஒருவர், டாக்டரிடமே இருக்கிறது என்றார். இன்னொருவர், அது ஊர் மணியக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்றார். மூன்றையும் எழுதிக்கொண்டு போய் நின்றேன்.

"ஒரு பூட்டுக்கு மூணு சாவியா?" என்றார் சிரஸ்தார். "வெள்ளிக்கிழமை காலையில பதில் மெட்ராஸுக்குப் போவணும். நீ போய்ப் பாத்துட்டு வா. முனுசாமியக் கூட்டிக்கிட்டுப் போ."

அறிக்கைப்படி டாக்டர் மலைக்குப் போகிற நாள் புதன்கிழமை. அன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் அரூர் போய், அங்கிருந்து அடிவாரம் போய், முனுசாமியும் நானும் ஏறினோம். அப்போது மலைக்கு ரோடு இல்லை. கல்லும் முள்ளுமாக ஒரு தடம். எனக்கு முன்னால் ஏறிய முனுசாமி திரும்பிப் பார்த்து, "மந்திரி மூச்சு வாங்கறாரு" என்றார். "சபாநாயகர் பேசாம நடங்க அண்ணே" என்றேன். மனசுக்குள் சொல்லிவந்த ஜெபமாலையில் ஐந்து தேவரகசியமும் முடியவும் ஊர் தெரியவும் சரியாக இருந்தது.

மருந்தகம் ஊருக்குள் நுழையும் இடத்திலேயே இருந்தது. வெள்ளை அடித்த ஒற்றைக் கட்டடம். முன்னால் திறப்பு விழாக் கல். வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு, கயிறு மட்டும் அப்படியே தொங்கியது. கதவில் பூட்டு. ஆனால் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, சுத்தமாக இருந்தது.

அந்தப் பூட்டின் சாவி அந்த ஊர் பொன்னனிடம் இருந்தது. ஐம்பது வயசு இருக்கும். இடுப்புக் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார். வலது காலில் ஏதோ இலையை அரைத்து வைத்துத் துணி சுற்றியிருந்தது. நொண்டி நொண்டி வந்தார். ஈ மொய்த்தது.

"கலெக்டர் ஆபீசுலிருந்து வர்றோம். கதவைத் திறங்க, பார்க்கணும்" என்றேன்.

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லை."

"ஊசி போடத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குங்க தொறக்கணும்?"

முனுசாமி குறுக்கே வந்தார். "ஏப்பா, கலெக்டரு அனுப்பிச்ச ஆளு. மந்திரிக்கே பதில் எழுதற ஆளு!"

"இருக்கட்டுங்க. தொறந்த அன்னிக்கு ஆபீசரு எங்கையில குடுத்து, டாக்டரு வந்தா மட்டும் குடு, வேற எவன் வந்தாலும் குடுக்காதன்னு சொல்லிட்டுப் போனாருங்க. போன மாசம் ஒரு பெரிய மனுசன் வந்தாரு. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. அவருக்கே குடுக்கல. உங்களுக்குக் குடுத்தா அவரு என்ன நெனைப்பாரு?"

"சரி, டாக்டர் எப்போ வந்தார்?"

பொன்னன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. "தொறந்த அன்னிக்கு எல்லாரும் வந்தாங்க. அதுல எவரு டாக்டருன்னு எனக்குத் தெரியலீங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் வரல."

பக்கவாட்டு ஜன்னலின் ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். உள்ளே அலமாரியில் மருந்துப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தது. கட்டில் வைக்கோல் சுற்றியபடி கிடந்தது. டாக்டர் உட்காரும் நாற்காலியின் காலில், கடையில் கட்டிய சணல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அந்த நாற்காலியில் யாரும் ஒரு தடவை கூட உட்காரவில்லை.

"செவ்வனே செயல்பட்டு வருகிறது" என்று எழுதிய கை இதுதான். அந்தக் கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொன்னன், உங்க கால் இப்படி இருக்குதே. உள்ளே மருந்து இருக்குது, சாவி உங்க இடுப்பிலே இருக்குது. எடுத்துப் போட்டுக்கக் கூடாதா?"

"அது ஊரு மருந்துங்க. எந்தப் பாட்டிலு எதுக்குன்னு எனக்கு என்ன தெரியும்? டாக்டரு வருவாருங்க." பிறகு அவரே என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார்: "தெனமும் வாசல் கூட்டி வெக்கறேன். வந்தா அழுக்கா இருக்கக் கூடாது பாருங்க."

ஊரில் விசாரித்தேன். அந்த மழைக்காலத்தில் இரண்டு பேரைக் கம்பில் தூளி கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் ஒரு பெண். வரவில்லை. பூட்டிய கதவைத் தாண்டித்தான் தூளி போயிருக்கிறது.

வியாழக்கிழமை ஆபீஸ் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரஸ்தார் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். "எழுதிக் கொண்டா" என்றார். டாக்டரையும் விசாரித்தோம். பாவம், அவர் தலையில் மூன்று ஊர்ப் பொறுப்பைக் கட்டியிருந்தார்கள். ஜீப் இல்லை. மலை ஏற முடியாத உடம்பு. கீழே இருந்தவர்கள் பதிவேட்டில் வாரா வாரம் புதன், சனி என்று நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் அதை நகல் எடுத்திருக்கிறேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உண்மையை எழுதினால் போன வருஷத்து விடை பொய் என்று ஆகும். அதன் வரைவில் என் இனிஷியல் இருக்கிறது. வேலைக்கு ஆபத்து. வீட்டில் மனைவி ஆரோக்கியம், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

கோவிந்தராஜ் நல்லவன். என் மேல் பிரியம் உள்ளவன். அவன்தான் வழி சொன்னான். "சவரி, ஏன் முழிக்கிற? 'தற்போது செயல்படவில்லை'ன்னு போடு. ஒரே ஒரு 'தற்போது'. போன வருஷம் செயல்பட்டுச்சு, இப்போ படல. ரெண்டு பதிலும் நிக்கும். எவன் கேக்கப் போறான்?"

அழகான வார்த்தை. எவரையும் புண்படுத்தாது. போட்டேன். 'தற்போது செயல்படவில்லை. விரைவில் ஆவன செய்யப்படும்.' சிரஸ்தார் அதற்குள் கலெக்டரோடு முகாம் போய்விட்டதால் மறுநாள் காலை காட்டலாம் என்று கோப்பைக் கட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு முன்னால் கோவிலுக்குப் போனேன். மனசு சரியில்லை. செய்த தவறைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று முழங்காலில் இருந்தேன். எங்கள் பங்குச் சாமியார் வயதானவர். காது கொஞ்சம் மந்தம். ஆகவே மெதுவாகச் சொல்லவும் முடியாது. நடந்ததை எல்லாம் சொல்லி, அந்த வார்த்தையையும் சொன்னேன்.

"தற்போது செயல்படலைங்கிறது உண்மையா?" என்று கேட்டார்.

"உண்மைதான் சாமி. தற்போதும் செயல்படலை."

"உண்மைன்னா அதை ஏன் இங்கே தூக்கிக்கிட்டு வந்தே?"

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிடும், போ என்று ஆசீர்வாதம் கொடுத்தார்.

ஆபீசுக்கு ஓடினேன். வரைவை எடுத்து அந்த வரியை அடித்தேன். இப்படி எழுதினேன்: '(அ) இல்லை. திறப்பு விழா நாள் முதல் இன்று வரை ஒரு நாளும் செயல்படவில்லை. சென்ற ஆண்டு அளிக்கப்பட்ட விடை, நேரில் பார்க்காமல் அளிக்கப்பட்டது. அது தவறு.' காரணத்துக்கு, மூன்று இடத்துக்கு ஒரு டாக்டர் என்பதையும் வாகனம் இல்லை என்பதையும் எழுதினேன். துணைக் குறிப்பில் கட்டில், நாற்காலி, பாட்டில் மூடிக் காகிதம், தூளி இரண்டு, திரும்பி வராதவர் ஒருவர், எல்லாம் எழுதினேன். கடைசியில், 'சாவி அவ்வூர் பொன்னன் என்பவரிடம் உள்ளது. அவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்' என்று எழுதினேன்.

சிரஸ்தார் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. போன வருஷக் கோப்பை எடுத்து வரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"உன் இனிஷியலுக்குக் கீழ என்ன இருக்குது பாரு."

பச்சை மையில் அவருடைய இனிஷியல்.

"நானும் மெம்பரா உக்காந்து கேட்டவன்தான். சாவியப் பத்தி எனக்குத் தோணல. முனுசாமிக்குத் தோணிச்சு" என்றார். பிறகு என் வரைவில் 'நேரில் பார்க்காமல் அளிக்கப்பட்டது' என்பதற்குப் பக்கத்தில், 'வரைந்த எழுத்தரும், அதைச் சரிபார்த்த நானும் பொறுப்பு' என்று பச்சை மையால் எழுதினார்.

கலெக்டர் அறைக்கு இருவரும் போனோம். கலெக்டர் சின்ன வயசுக்காரர், வடநாட்டவர், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பொன்னன் வந்த இடத்தில் விரல் நின்றது. "இந்த ஆள், உங்களுக்கும் கதவு திறக்கலையா?" என்று கேட்டார்.

"திறக்கலீங்க ஐயா."

"நல்ல ஆள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே முனுசாமி உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மொரப்பூரில் ரயிலேறி மெட்ராஸ் போனார்.

சபையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கோட்டையில் வேலை செய்த ஒருவர் சொல்லியும், பிறகு வந்த அச்சுப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொண்டேன். கேள்வி கேட்ட உறுப்பினர் போன வருஷத்துப் பதிலை அச்சிலேயே கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாராம். மந்திரி மறுபடியும் 'செயல்படுகிறது' என்றால் அதை விரித்துக் காட்டலாம் என்று. மந்திரி எழுந்து 'இல்லை' என்றார். போன வருஷத்து விடை தவறு என்று அவரே சொல்லி வருத்தம் தெரிவித்தார். உறுப்பினர் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்டார்: "மருந்தகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அமைச்சருக்குத் தெரியுமா?" சபையில் சிரித்தார்கள். மந்திரி காகிதத்தைப் புரட்டி, பொன்னன் பேரைச் சொல்லி, பத்திரமாக இருக்கிறது என்றார். சிரிப்பு நின்றுவிட்டதாம். "எனக்கும் அவர் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு உறுப்பினர் உட்கார்ந்தார். அந்த வெள்ளை வேட்டிக்காரர் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மாதமே டாக்டரை நியமிப்பதாக மந்திரி சபையில் வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடி நடந்தது.

எனக்கும் சிரஸ்தாருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. என் பணிப் பதிவேட்டில் 'எச்சரிக்கப்பட்டார்' என்று ஒரு வரி ஏறியது. ஓய்வு பெறும் வரை அது இருந்தது. அதை ஒரு நாளும் நான் மறைத்ததில்லை. என் பிள்ளைகளுக்கும் காட்டியிருக்கிறேன். நான் மருந்து கொடுக்கப் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு வார்த்தையை அடித்தேன், ஒரு கதவு திறந்தது. ஆண்டவர் எனக்கு இந்த உத்தியோகத்தைக் கொடுத்தது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு சிரஸ்தார் எங்கள் பிரிவில் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். துணைக் குறிப்பின் ஓரத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'பார்த்தது' அல்லது 'கேட்டது' என்று பென்சிலில் எழுத வேண்டும். அவர் ஓய்வு பெற்ற பிறகும் நான் விடவில்லை. என் கடைசிக் கோப்பு வரை எழுதினேன். மத்தியானக் கேள்வி நேரத்தில் முனுசாமி தட்டுவதற்கு முன்னால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்போம். "சபாநாயகருக்குக் கேள்வி ஒண்ணும் இல்லீங்க" என்று அவர் சொன்னால்தான் உறை ஒட்டப்படும்.

இதைப் படிக்கிறவர்கள், குறிப்பாக என் இருக்கையில் இப்போது இருக்கிற அந்தப் பெண், விரும்பினால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என் தவறை நல்லபடியாக மாற்றிச் சொல்ல வேண்டாம். சபையில் சிரிப்பு நின்றது நான் கேட்டது. டாக்டர் மலையேறி வந்த அன்று, பொன்னன் அவரிடம் மூன்று முறை "நீங்கதான் டாக்டருங்களா?" என்று கேட்டு, அதன் பிறகே இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார் என்பதும், டாக்டர் முதலில் பிரித்த பாட்டில் பொன்னன் காலுக்குத்தான் என்பதும் முனுசாமி பார்த்து வந்து சொன்னது. அதுவும் நான் கேட்டதுதான். கம்பி வழியாகத் தெரிந்த அந்த நாற்காலியும், அவிழ்க்காத சணலும், பெருக்கி வைத்த வாசலும் மட்டும் நான் பார்த்தது. அதை அப்படியே பிரித்துச் சொல்லுங்கள்.